ஒரு டேக், ஒரு மான்

அமெரிக்காவில் வேட்டை என்றால் நம்மாட்கள் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ அதற்குத் தரும் காகிதத்தில்தான் ஆர்வம். இருபது வருஷமாக வவுச்சர் பார்த்த கண் அல்லவா!

விஷயம் இதுதான். டென்வரில் ஹெச்1பி விசாவில் இருக்கும் அக்கா மகன், ஆபீஸ் நண்பர்களோடு எல்க் வேட்டைக்குப் போகப் போகிறானாம். மதுரையிலிருந்து அக்கா போன். "டேய், நீயாவது சொல்லக்கூடாதாடா? வாயில்லா ஜீவன், பாவம் சும்மா விடுமா?" (கோழிக் குழம்பு கிண்டிக்கொண்டே கேட்டாள் என்பது வேறு விஷயம்.) அவனைக் கேட்டால், "மாமா, சுடுறதுகூட ஈஸி, டேக் கிடைக்கிறதுதான் கஷ்டம்" என்கிறான்.

எல்க் நம்ம ஊர் கடமானுக்கு உறவு. ஆண் 300 கிலோவைத் தாண்டும். கொலராடோவில் அதைச் சுட வேண்டுமானால், 1949 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்தவர்கள் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பல பகுதிகளுக்குக் குலுக்கல்தான். ஏப்ரலுக்குள் விண்ணப்பம். கிடைக்காவிட்டால் ஒரு பாயிண்ட். அடுத்த வருஷம் அந்தப் பாயிண்டுக்கு முன்னுரிமை. சில நல்ல பகுதிகளுக்கு இருபது வருஷத்துக்கும் மேல் காத்திருக்கிறார்கள். நம்ம ட்ரான்ஸ்பர் லிஸ்ட் தேவலை! வெளிமாநிலத்துக்காரர் என்றால் கட்டணம் உள்ளூர்க்காரரைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

லைசென்ஸோடு வருவதுதான் டேக். ஒரு டேக்குக்கு ஒரு மான். விழுந்த உடனே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, உடலோடு சேர்த்தே கொண்டு வர வேண்டும். இன்ன பகுதி, இன்ன தேதி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் முன்பே முடிவானது. இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டாலும் குற்றம், விற்றாலும் குற்றம். கேன்சல் செய்த செக் போல, அந்த டேக்கை மறுபடி பயன்படுத்த முடியாது.

இங்கே பிள்ளைகளை அங்கே அனுப்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. சில விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். காட்டுப் பக்கமே போகாமல் இதற்காகவே லைசென்ஸ் எடுப்பவர்களும் உண்டு. அது காலாவதியானால் விலக்கும் போச்சு. பீரோவில் துப்பாக்கி சும்மா கிடந்தாலும் குற்றம்தான், விசாவுக்கும் ஆபத்து. அக்கா பாவத்துக்குப் பயப்படுகிறாள், நான் இதற்குப் பயப்படுகிறேன். வேட்டைக்குப் போகட்டும், துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

மற்றபடி, வேட்டை பிடிக்காத நானும் இந்தக் கணக்குக்குச் சலாம் போடுவேன். 1937-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது 11 சதவீத வரி. அது வனவிலங்குப் பணிக்கு மாநிலங்களுக்குப் போகும். ஆனால் லைசென்ஸ் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலத்துக்கு அதில் பங்கு கிடையாது. கொலராடோவில் 1900-களின் தொடக்கத்தில் எல்க் ஏறக்குறைய அழிந்தே போய், வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் அது, இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

நம்மிடம் 1972 சட்டம் வேட்டையைத் தடுத்தது, நல்லதுதான். ஆனால் காட்டை அழித்ததற்கு ஈடாக வசூலித்த பணம்? வருஷக்கணக்கில் தூங்கி, 2019-ல்தான் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் போனது. வைப்புத்தொகைக்கு வட்டி வளர்ந்திருக்கும், மரம் வளர்ந்திருக்காது.

ஒரே ஒரு இடத்தில் வேட்டைக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. "பணம் கட்டுவது நாங்கள், காடு பற்றி நாங்கள்தான் முடிவு செய்வோம்" என்கிறார்கள் சிலர். அதெப்படி? டெபாசிட் போட்டவர் பேங்க்கையே நடத்த முடியுமா? 2020-ல் கொலராடோ மக்கள் நூலிழையில் வாக்களித்து ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். 2023 டிசம்பரில் முதல் ஓநாய்களை விட்டார்கள். வேட்டைக்காரர்களில் பலருக்குக் கோபம். ஓநாய்க்கும் எல்க் கறி பிடிக்கும், டேக் வாங்காது!