வீடு மாறியாச்சு... குடும்ப டாக்டரை என்ன செய்வது?

வாடகை கட்டுப்படியாகாமல் சென்னை நகருக்குள்ளிருந்து குன்றத்தூருக்கு வருபவர்கள் கேஸ், ஆதார் முகவரியை மாற்றிவிடுகிறார்கள். டாக்டர் மட்டும் பழைய ஏரியாவிலேயே இருக்கிறார். ஒரு காய்ச்சலுக்காக அந்த டிராஃபிக்கில் போக முடியுமா?

பிரிட்டனில் புது டாக்டரிடம் பதிவு செய்தால் பழைய ஃபைல் அவரிடம் வந்துவிடும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள்படி, நோயாளி ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால், 3 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்வது உள்நோயாளி ஆவணங்களைத்தான். தெருமுனை கிளினிக்கில் அப்பாவுக்கு வருஷக்கணக்கில் பிரஷர் பார்த்தவரிடம் ஃபைலே இருக்காது. எல்லாம் அவர் மனசில்தான். எந்த மாத்திரை ஒத்துக்கலை, எதை ஏன் நிறுத்தினார் என்பதை அரைப் பக்கமாவது எழுதி வாங்கிடுங்க. ஏற்கெனவே மாறி வந்துட்டீங்களா? இதுக்காக ஒருமுறை போய்வரலாம், தப்பில்லை.

14 இலக்க ‘ஆபா’ எண்ணில் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைக்கலாம். கிளினிக்கும் அதில் இணைந்திருந்தால்தான் தானாக வந்து சேரும். இல்லாவிட்டால் நாமதான் போட்டோ எடுத்து ஏற்றணும்.

புது டாக்டர் அமையும்வரை பிரஷர், சுகர் மாத்திரை நிற்கக் கூடாது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டோடு போய்க் கேளுங்கள்.