பரணில் ஏறிய இலக்கியம்

சென்ற மாதம் வில்லாபுரத்தில், எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் நூல்தொகுதி எடைக்குப் போயிற்று. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் அளவான வீடு. நாற்பதாண்டுச் சேகரிப்பு கூடத்தை நிறைத்து, பரணை நிறைத்து, மாடிப்படியின் அடிப்புறத்தை நிறைத்து, கடைசியில் பேரப்பிள்ளைகள் உறங்கும் அறைக்குள்ளும் நுழைந்திருந்தது. அவர் மறைந்த மூன்றாம் மாதம் மகன் பழைய பேப்பர் கடைக்காரரை அழைத்துவிட்டார். செய்தி கேட்டு நான் ஓடியபோது மூட்டைகள் மூன்று சக்கர வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. "புத்தகத்துக்குக் கிலோவுக்குக் கம்மிதான் சார், பேப்பருக்குத்தான் வெலை" என்றார் கடைக்காரர். அவர் விதித்த விலையைக் கொடுத்து ஒரு மூட்டையை மட்டும் இறக்கினேன். அதற்குள் அட்டை போன சில 'எழுத்து' இதழ்கள் இருந்தன. மற்ற மூட்டைகளில் என்ன இருந்தது என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

இதைக் கேட்ட இலக்கிய நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில் அந்த மகனை ஏசினார்கள். பண்பாடற்ற தலைமுறை என்றார் ஒருவர். நான் உடன்படவில்லை. அந்தப் பையன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இதுல எது முக்கியம், யார்கிட்ட குடுக்கணும்னு அப்பா ஒருநாளாவது சொல்லியிருக்கக் கூடாதா சார்?" இக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. குற்றவாளி மகன் அல்லர், தந்தை. அவர்மீது பெருமதிப்புக் கொண்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் சூழலில் நூல் சேகரிப்பவரை முனிவராக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. வீட்டில் நடக்க இடமில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். மனைவி முணுமுணுப்பதை நகைச்சுவையாக்குகிறோம். புதிதாக ஓர் இரும்பு அலமாரி வாங்கியதைச் சாதனையாக அறிவிக்கிறோம். ஆனால் அந்த அலமாரியிலிருந்து ஓர் இதழைப் படி எடுக்க ஆய்வு மாணவன் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. மேற்சொன்ன பேராசிரியரிடம் என் மாணவி ஒருத்தி மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் "பரண்மேல இருக்கும்மா, எடுக்க ஆள் இல்லை" என்ற மறுமொழியே கிடைத்தது. எடுக்க ஆள் இல்லாத நூல் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

மேலைநாடுகளில் திராட்சை மது சேகரிப்போர் உண்டு. ஒளி புகாத நிலவறை, பன்னிரண்டு பதின்மூன்று பாகை செல்சியஸ் வெப்பம், தக்கை உலர்ந்து போகாதபடி படுக்கவைத்த புட்டிகள் என்று அது ஒரு தனிக் கலை. அவர்களுக்கும் இடம் போதாமல் போவதுண்டு. அப்போது வாடகைக்குக் கிடங்கு பிடிப்பார்கள், அல்லது நண்பர்களை அழைத்து ஒரு புட்டியைத் திறந்துவிடுவார்கள். திறப்பதற்காகத்தான் அது காக்கப்படுகிறது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. (அழகன்குளத்தில் யவனர் மதுக்குடங்களின் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஓடு இருக்கிறது, மது இல்லை. நம் முன்னோர் குடித்துத் தீர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல்.) நாமோ நூலை மதுவைப்போல இருட்டில் பூட்டி வைக்கிறோம், திறப்பது மட்டும் கிடையாது. நல்ல மதுவிலும் சிலவே வைத்திருக்க வைத்திருக்கச் சிறக்கும். செய்தித்தாள் தரத்துக் காகிதத்தில் அச்சான சிற்றிதழுக்கு அந்த யோகமும் இல்லை. மரக்கூழிலுள்ள பொருள்களும் காகிதத்தின் அமிலமும் சேர்ந்து அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். மதுரை வெயிலில் பரணின் வெப்பம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் மிஞ்சியதை வெயில் தின்கிறது.

'எழுத்து' 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கியது. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். வத்தலக்குண்டுக்காரர். வாசகன் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவர் சுமந்ததை வாங்கி, எவர் கைக்கும் போகாதபடி பரணில் ஏற்றியிருக்கிறோம்.

இங்கே உடனே ரோஜா முத்தையாவின் பெயரைச் சொல்வார்கள். சொல்லட்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த அந்த ஓவியர் சேர்த்தவை, நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமாக ஏறத்தாழ ஒரு இலட்சம். ஆனால் அவர் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். அவர் உயிரோடிருந்தபோதே ஆய்வாளர்கள் அவ்வீட்டைத் தேடிப் போனார்கள், பயன்பெற்றார்கள். 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் அத்தொகுதியை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது, நுண்படமெடுத்தது, பட்டியலிட்டது. தமிழ்நாட்டு நிறுவனம் எதுவும் முந்திக்கொள்ளவில்லை. இந்தத் தற்செயலை நம்பி வில்லாபுரத்திலும் தல்லாகுளத்திலும் திருநகரிலும் உட்கார்ந்திருக்கிறோமா? எல்லார் வீட்டு வாசலிலும் சிகாகோ வந்து நிற்காது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி இணையர், சேர்த்ததை வீட்டுச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஞானாலயாவாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்தார்களே, அந்த வழியல்லவா நமக்கு எட்டக்கூடியது?

நூலகங்களையும் விட்டுவிட முடியாது. ஓய்வுபெறும் ஆசிரியர் தம் நூல்களை அன்பளிப்பாகத் தர முன்வந்தால் கல்லூரி நூலகங்கள் அஞ்சுகின்றன. பதிவேட்டில் ஏற்றவேண்டும், தணிக்கையில் கணக்குக் காட்டவேண்டும், அலமாரி வேண்டும். ஆகவே "இடமில்லை ஐயா" என்பார்கள். ஒரு கல்லூரியில் நானே இவ்விடையைப் பெற்றுத் திரும்பியிருக்கிறேன். அதே நூலகத்தில் காலாவதியான போட்டித்தேர்வு வழிகாட்டிகளுக்கு நான்கு அலமாரிகள் இருந்தன. 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றி இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். 2023 ஜூலையில் மதுரைக்கு ஒரு பெரும் நூலகமும் வந்துவிட்டது. புது நத்தம் சாலையில் அந்தக் கட்டடத்தைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் தம்மிடமுள்ள சிற்றிதழ்க் கட்டை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது என்று என் மூத்த சகா ஒருவருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொற்பொழிவாற்ற வந்தபோது குறளும் கம்பராமாயணமும் மதுரையில் கிடைக்காமல் போனதால்தான் பாண்டித்துரைத் தேவர் 1901இல் தமிழ்ச்சங்கம் கண்டார் என்று இவ்வூரில் சொல்வதுண்டு. இன்று நிலைமை தலைகீழ். நூல் இருக்கிறது, வாங்கி வைப்பாரில்லை.

எல்லாவற்றையும் மின்னாக்கிவிட்டால் தீர்ந்தது என்பார் இளைஞர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் செய்திருக்கும் பணியை வணங்குகிறேன். ஆனால் மின்னாக்கவும் நூல் பரணிலிருந்து இறங்கவேண்டும்.

இடம் போதாதபோது செய்யவேண்டியது இன்னோர் அலமாரி வாங்குவதன்று, பிரிப்பது. மறுபதிப்பு கிடைப்பவை, எந்த நூலகத்திலும் இருப்பவை, நாம் இனி தொடவே போகாதவை போகட்டும். தருவதற்குக் கூசவேண்டாம். வேறெங்கும் இல்லாதவை என்று நாம் அறிந்தவை சில நூறுகூடத் தேறா: சிற்றிதழ்கள், ஊர்ச்சங்க மலர்கள், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பைண்டுகள். அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, எங்கே சேரவேண்டும் என்பதை அதன் தலையிலேயே குறித்து, வீட்டிலுள்ளோர் கண்ணில் படும்படி வைத்தால் போதும். நாற்பது ரூபாய் நோட்டு ஒன்றில் முடிகிற வேலையை நாற்பதாண்டாக ஒத்திப்போடுகிறோம். பட்டியலிட்டால் நம் சேகரிப்பு எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடுமே என்ற அச்சமும் இதில் உண்டென்று நினைக்கிறேன்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நானும் இதுவரை பட்டியல் போட்டவனல்லன். அந்த மூட்டையை வீட்டில் இறக்கிய இரவுதான் தொடங்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் ஆகியிருக்கின்றன. மீட்ட 'எழுத்து' இதழ்களில் இரண்டு என்னிடம் ஏற்கெனவே இருந்தவை. மூன்று முறை நடந்த அந்த மாணவியிடம் கொடுத்துவிட்டேன். மற்றவை, இதழ் எண்ணைக் குறித்துக்கொண்டபின், அடுத்த வாரம் என்னோடு தரமணிக்கு வருகின்றன.