மண் எல்லா நஞ்சையும் ஏற்பதில்லை

அறிவியல் வேறு, தமிழ் வேறு என்னும் எண்ணம் நம் கல்லூரி வளாகங்களை விட்டு இன்னும் அகன்றபாடில்லை. ஒரு சொல்லின் பொருளைப் பிறழ உணர்வதால் ஓர் ஊரின் நீரே கெடக்கூடும் எனின், அச்சொல்லை ஆராய்வது தமிழ்த்துறையின் கடமையும் ஆகுமன்றோ?

வயலில் தெளித்த மருந்தை ‘மண் உறிஞ்சிக்கொள்ளும்’ என்கிறோம். உறிஞ்சுதல் வேறு, பரப்புக் கவர்ச்சி வேறு. பஞ்சு நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். திண்மத்தின் மேற்பரப்பில் மட்டும் மூலக்கூறுகள் பற்றி நிற்பது பரப்புக் கவர்ச்சி. மண்ணின் தாதுக்களில் நிகழ்வது பெரும்பாலும் பின்னதே.

மண்ணுக்கு நிறம் தரும் இரும்புத் தாதுக்களுள் ஒன்று கோத்தைட். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் பெயரை 1806ஆம் ஆண்டில் பெற்ற தாது இது. இதன் படிக முகங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் அமைந்துள்ளன. களைக்கொல்லியான கிளைபோசேட்டின் பாஸ்பரஸ் தொகுதி அவற்றை விலக்கிவிட்டு இரும்போடு நேரே பிணைகிறது. அட்ரசினுக்கோ அத்தகைய தொகுதி இல்லை. இத்தாது அதனை இறுகப் பற்றுவதில்லை. எனவே அது நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரை அடையவல்லது. படிகத்தின் எல்லா முகங்களும் ஒரே அளவில் பற்றுவதுமில்லை.

பற்றிய நஞ்சும் நிலையாக நின்றுவிடும் என்பதற்கில்லை. நாம் இடும் உரத்தின் பாஸ்பேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகிறது. உரம் மிகுந்தால் கிளைபோசேட் இடமிழந்து நீரில் கலக்கலாம். பெருமழையில் வண்டலோடு சேர்ந்து கண்மாயையும் அடையலாம்.

இதே பண்பை நன்மைக்கும் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் குழுவினர் இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு நுண்பொருளைக் கொண்டு குடிநீரிலிருந்து ஆர்செனிக்கை அகற்றும் முறையை உருவாக்கியுள்ளனர். எது எதனைப் பற்றும் என்று அறிந்தமையால் விளைந்த பயன் இது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் போன்ற ஊர்களில் வயலும் கண்மாயும் கிணறும் அருகருகே உள்ளன. அங்கே ‘மண் தாங்கிக்கொள்ளும்’ என்னும் நம்பிக்கை ஆபத்தானது. எந்த மருந்து மண்ணில் நிற்கும், எது நீரோடு செல்லும், உரத்தை எவ்வளவு இடலாம் என்பன உழவருக்கு நல்ல தமிழில் சொல்லப்படல் வேண்டும். மருந்துப் புட்டியின் சிற்றெழுத்துகள் அப்பணியைச் செய்யா.

ஆகவே வேதியியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து எளிய கையேடுகள் எழுதுதல் வேண்டும். மண் ஆய்வு முடிவுகளை ஊர்ப் பெரியோர் முன்னிலையில் விளக்குதல் வேண்டும். ஜமாஅத்தார் அதற்கு இடமும் ஊக்கமும் தருவாராக. நீர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் கெடாது அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதற்குச் சரியான சொல்லும் ஒரு கருவியே என்பது எம் துணிபு.