தம்பிரான் வணக்கமும் இற்றைத் திருச்சபைத் தமிழும்

இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தால் முதன்முதல் அச்சேறிய மொழி தமிழே என்று மேடைதோறும் பேசப்படுகின்றது. பேசட்டும்; அது மெய்யே. ஆயின், அவ்வாறு அச்சேறிய நூல் யாது, அதன் தமிழ் எத்தகையது என்று வினவினால் விடையிறுப்பார் மிகச் சிலரே. 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற அந்நூல் 16 பக்கங்களே கொண்ட ஒரு கிறித்தவ மறைக்கல்விச் சிறுநூல். அதன் பெயர் தம்பிரான் வணக்கம்.

இரண்டே சொற்கள், இரண்டும் தமிழ். அந்நூலை ஆக்கிய அண்டிரிக்கு அடிகளார் போர்த்துக்கல் நாட்டினர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து, அவர்தம் வாய்மொழியைக் கேட்டே தமிழ் கற்றவர். கடவுளைக் குறிக்க அவர்க்கொரு சொல் வேண்டியிருந்தபோது, வலையிழுக்கும் மக்கள் நாவில் எச்சொல் இருந்ததோ அச்சொல்லையே எடுத்துக் கொண்டார். மறுவாண்டே கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. 1586-இல் தூயோர் வாழ்க்கையைக் கூறும் பெருநூலொன்று அச்சாயிற்று. அடியார் வரலாறு என்னும் பெயரால் அது இன்று அறியப்படுகின்றது. வணக்கம், அடியார், வரலாறு என்று எத்துணை இயல்பாக நிற்கின்றன இச்சொற்கள்! அயல்நாட்டார் ஒருவர்க்கு நானூறு ஆண்டுகட்கு முன் கைவந்த இவ்வெளிமை, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இற்றை மறையுரையாளர் பலர்க்குக் கைவாராமற் போனது எங்ஙனம்?

இந்நூல்களின் அருமையை உலகறியச் செய்தவருள் தலையாயவரும் ஒரு கிறித்தவத் துறவியே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1554-இல் உரோமை எழுத்தில் தமிழை அச்சிட்டு இலிசுபனில் வெளியிட்ட நூலையும், பின்வந்த தமிழ் அச்சுநூல்களையும் ஆராய்ந்து எழுதியவர் தனிநாயக அடிகளார். 1679-ஆம் ஆண்டுப் புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கீசிய அகரமுதலியை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவரும் அவரே.

தம்பிரான் பின்னர் என்ன ஆனார் என்பதே இனிக் காணவேண்டிய செய்தி. 1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி அடிகள், மேற்குலத்தார் எனப்பட்டாரை ஈர்ப்பதே மறைபரப்பும் வழி எனக் கருதினார். வடமொழி கற்றார், பார்ப்பனத் துறவியர் கோலம் பூண்டார், தத்துவ போதகர் என்று பெயரும் பெற்றார். அவர் அறிவின் ஆழத்தையோ உழைப்பையோ குறைகூற எவர்க்கும் இடமில்லை. ஆயினும் கோலம் மாறியபோது மொழியும் மாறிற்று. தம்பிரான் இருந்த இடத்தில் சருவேசுரன் வந்தமர்ந்தார். மறைக்கல்வி ஞானோபதேசமாயிற்று. கடற்கரைப் பரதவர்க்குப் புரிந்த சொல் போய், அக்கிரகாரத்தார்க்கு இனித்த சொல் புகுந்தது. எவர்க்காக அச்சொல் புகுத்தப்பட்டதோ அவருள் வந்தவர் சிலரே; வந்து நிலைத்த பெருந்தொகையினரோ எளிய உழைக்கும் மக்கள். அம்மக்கள் தலையில் அச்சொற்சுமை அப்படியே தங்கிவிட்டது!

சீர்திருத்தச் சபையினர் வழி வேறாக இருந்திருக்க வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர் செருமானியர், உலூதரின் வழிவந்தவர். உலூதரோ 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் முழு விவிலியத்தையும் தம் தாய்மொழியாம் செருமானியத்தில் தந்தவர். மொழிபெயர்ப்பதெப்படி என்று தம்மைக் குறைகூறினார்க்கு 1530-இல் அவர் எழுதிய மடலில், வீட்டிலிருக்கும் தாயையும் தெருவில் ஆடும் பிள்ளையையும் சந்தையிலுள்ள எளியவனையும் கேட்டு, அவர் வாயைப் பார்த்தே மொழிபெயர்க்க வேண்டும் என்னும் கருத்தைச் சொன்னார். அத்தகையார் வழிவந்த சீகன்பால்கு, செருமனியின் ஆலே நகரில் வார்த்தனுப்பிய தமிழெழுத்துகள் பருமனாயிருந்தமையால் தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்து வார்ப்பித்து, தாள் பற்றாக்குறையோடு போராடி, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அரும்பெருஞ் செயல்! ஆனால் கடவுட்பெயரில் அவரும் முன்னோர் விட்டுச்சென்ற சருவேசுரனையே கைக்கொண்டார். அவர்க்குப் பின் வந்த பப்பிரிசியசு ஐயர் பராபரன் என்றார். 1871-இல் வெளிவந்து, பவர் ஐயர் பெயரால் வழங்கும் ஒன்றிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. ஒரே கடவுளுக்கு மூன்று நூற்றாண்டில் இத்தனை பெயர் மாற்றம்! ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தமிழ்ச்சொல் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே அழைப்பார் இல்லை.

இதில் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது வேறொன்று. பப்பிரிசியசு 1779-இல் தமிழ் அகரமுதலி வெளியிட்டவர். தமிழ்ச்சொல் எது என்று அறியாதவர் அல்லர். கால்டுவெல் ஐயரோ, வடமொழியின் துணையின்றித் தமிழ் தனித்து இயங்கவும் தழைக்கவும் வல்லது என்று 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் உலகறிய நிலைநாட்டியவர். தனித்தமிழ்க் கொள்கைக்குப் பின்னாளில் பெருந்துணையாய் நின்றது அந்நூலே. அதே கால்டுவெல் ஐயர் ஒன்றிய மொழிபெயர்ப்பைச் செப்பஞ்செய்த குழுவிலும் அமர்ந்திருந்தார்! அக்குழுவின் கையிலிருந்து வெளிவந்த நூலில் சிருட்டி, இரட்சிப்பு, விசுவாசம், கிருபை, தீர்க்கதரிசி, ஞானத்நானம், சுவிசேடம் என்று வடசொற்கள் வரிக்கு வரி நிற்கின்றன. (இவற்றுட் சிலவற்றை ஈண்டுத் தமிழெழுத்திற்கு ஏற்பத் திரித்தே எழுத வேண்டியுள்ளது, திரிக்காமல் எழுதத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தே இல்லை.) மறைநூல் என்றால் வடசொல் இருந்தால்தான் மாண்பு என்ற அக்காலக் கற்றோரின் மயக்கம் கால்டுவெல்லின் அறிவையும் வென்றுவிட்டது போலும்!

தமிழால் முடியாது என்பாரா? முடியும் என்று காட்டியவர் முன்னரே இருந்தனர். வீரமாமுனிவர் இத்தாலியர். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடி, சூசையப்பருக்கு வளன் என்றும், திருமுழுக்கு அருளிய யோவானுக்குக் கருணையன் என்றும் பெயரிட்டார். எபிரேயப் பெயரையே தமிழாக்கத் துணிந்த அவர்க்கு, இரட்சிப்பு என்பதைத் தமிழாக்குவது அரிதோ? எழுத்தில் ஏகார ஓகாரங்களைச் செப்பஞ்செய்தவரும், 1732-இல் சதுரகராதி தொகுத்தவரும் அவரே. இனி, எச்.ஏ. கிருட்டிணனார் நிலை வேறு. நெல்லைச் சீமையில் மாலியக் குடியில் பிறந்து, 1858-இல் கிறித்தவம் தழுவி, ஆங்கிலத்தில் பனியன் எழுதிய கதையைத் தழுவி 3,766 பாடல்களில் பெருங்காப்பியம் யாத்தார். கம்பனைத் தோய்ந்து கற்ற கை என்பது அதன் செய்யுள் நடையிலேயே தெரியும். ஆனால் 1894-இல் வந்த அந்நூலின் தலைப்போ இரட்சணிய யாத்திரிகம்! அதே ஆங்கிலக் கதையின் உரைநடைப் பெயர்ப்பும் மோட்சப் பிரயாணம் என்ற பெயரோடேயே உலவிற்று. வீடு என்றும் செலவு என்றும் தமிழில் சொல் இல்லையா? திருக்குறள் படித்தவர்க்கு வீடுபேறு விளங்காதா? உள்ளே தேன், மேலே அயல்நாட்டு முத்திரை.

இருள் மட்டுமே சொல்லி நிறுத்துவது முறையன்று. உரோமைத் திருச்சபை 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில், அவ்வந்நாட்டு மக்கள்மொழியில் வழிபாடு நிகழலாம் என்று வாயிலைத் திறந்தது. இலத்தீனம் விலகிய இடத்தில், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் நல்ல தமிழைக் கொணர்ந்தனர். பூசை திருப்பலி ஆயிற்று; மேற்றிராணியார் ஆயர் ஆனார்; ஞானத்நானம் திருமுழுக்கு ஆயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடிச்செய்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியம் என்னும் பெயரோடு வந்தது. ஆதியாகமம் தொடக்கநூலாகவும், யாத்திராகமம் விடுதலைப் பயணமாகவும், சங்கீதம் திருப்பாடல்களாகவும், உபாகமம் இணைச் சட்டமாகவும் அதில் பெயர் பெற்றன. தேவனுடைய இராச்சியம் இறையாட்சியாயிற்று. விசுவாசம் நம்பிக்கை ஆயிற்று. உபாகமம் என்றால் என்ன என்று ஞாயிறுப் பள்ளியில் ஒரு சிறுவன் கேட்டால், எத்தனை ஆசிரியர் பொருள் சொல்வர்? விடுதலைப் பயணம் என்பதற்கோ எவரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அப்பெயரே கதையைச் சொல்லிவிடுகின்றது.

அம்மொழிபெயர்ப்பு குறையற்றதென்று சொல்வதற்கில்லை. ஓசையில் அது சிலவிடங்களில் பழையதினும் தளர்ந்தே நடக்கின்றது. உரக்கப் படித்தால் செய்தித்தாள் படிப்பதுபோல் தோன்றும் இடங்களும் உள. அதைச் செப்பஞ்செய்யலாம். செப்பஞ்செய்யத் தக்க பாவலர் கிறித்தவரிடையே இல்லாமற் போகவில்லை. ஆனால் கூடிச்செய்த பெயர்ப்பு கையிலிருந்தும், சீர்திருத்தச் சபைகளுட் பெரும்பாலானவை இன்றும் 1871-ஆம் ஆண்டு மொழியிலேயே நிற்கின்றன. அதைத் தொடவே அஞ்சுகின்றன.

அவ்வச்சத்தைக் கேலி செய்வது தகாது. எழுத்தறியாக் குடிகளில் பிறந்து, அந்நூலைப் படிக்கவேண்டும் என்பதற்காகவே எழுத்தறிந்த தாய்மார் நெல்லையிலும் குமரியிலும் பல்லாயிரவர். கணவனை இழந்த இரவிலும், பிள்ளை நோயுற்ற நாளிலும் அவர் வாயில் வந்த சொற்கள் அப்பழைய சொற்களே. அவற்றை அவர் நாவிலிருந்து பிடுங்குக என்று தமிழன்பர் எவரும் கூறார். பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துவதைத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் தம் காலத்திலேயே எதிர்த்து எழுதினார். பெத்தலகேம் குறவஞ்சி பாடிய அப்பெரும்புலவர்க்கும் பழகிய சொல்லின் பற்று அத்துணை வலிதாயிருந்தது. எதிர்ப்பு புதியதன்று, அதன் அடியிலிருப்பது அன்பே.

ஆனால், அந்தத் தாயின் பெயரன் நிலை என்ன? அவன் ஆங்கிலவழிப் பள்ளியிற் படிக்கின்றான். அவனுக்குத் திருக்குறளும் தெரியாது, சிருட்டியும் தெரியாது. பாட்டியின் நூலைத் திறந்தால் இருண்ட காடு. மூடிவிட்டு ஆங்கில விவிலியத்தை எடுத்துக்கொள்கின்றான். அதுவே அவனுக்கு எளிது! நகர்ப்புறத் திருச்சபைகளில் இளையோர்க்கென ஆங்கில வழிபாடு தனியே நடப்பதன் பொருள் இதுவே. வடசொல்லைக் காக்கப்போய்த் தமிழையே இழக்கும் நிலை இது. இன்று போட்டி வடமொழி கலந்த தமிழுக்கும் தனித்தமிழுக்கும் இடையே என்று எண்ணிக்கொண்டிருப்பார், வாயிலில் மூன்றாவதாக ஒன்று வந்து நிற்பதைக் காணவில்லை.

கடைகளில் விற்கும் நாள்வழிச் சிந்தனை நூல்களும், ஊக்கவுரை நூல்களும் இந்நிலையை விரைவுபடுத்துகின்றன. இவற்றுட் பல அமெரிக்க மறையுரையாளர் எழுதியவற்றின் பெயர்ப்புகள். சொல் பாதி வடமொழி, பாதி ஆங்கிலம். சொற்றொடர் முழுதும் ஆங்கிலம். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே ஒரு நாட்பயணம் செல்ல வேண்டும். ஆறுதல் தேடி வாங்கியவர் பொருள் தேடிக் களைக்கின்றார். தேவாரமும் திருவாசகமும் கேட்ட நாட்டில், கீர்த்தனைக்காரர் பெயர்கள் மறந்துபோன பின்னும் அவர் பாட்டுகள் நினைவில் நிற்கும் நாட்டில், உள்ளத்தைத் தொட இத்தகைய கரடுமுரடு எதற்கு?

மொழிஞாயிறு பாவாணர் ஒரு கிறித்தவர் என்பதைக் கிறித்தவரே பலர் அறியார். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராக அமர்ந்து, வேர்ச்சொல் ஒவ்வொன்றாய் அகழ்ந்து தந்தவர் அவர். அவர் தந்த சொற்கருவூலத்தைப் பிறர் பயன்கொள்ளும்போது, அவர் பிறந்த சமயத்தார் எட்டிநிற்பது என்ன முறை?

செய்யத்தக்கது அரிதன்று. இடப்பக்கம் 1871-ஆம் ஆண்டுப் பெயர்ப்பும் வலப்பக்கம் 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்புமாக இணைபதிப்பொன்று மலிவு விலையில் வெளியிடலாம். பாட்டியும் பெயரனும் ஒரே நூலை ஒருங்கிருந்து படிப்பர். ஞாயிறுப் பள்ளிப் பாடநூல்களைப் பொது மொழிபெயர்ப்பின் சொற்களிலேயே எழுதலாம். இறையியற் கல்லூரிகளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கும் அளவிற்குத் தொல்காப்பியமும் குறளும் தேம்பாவணியும் கற்பிக்கலாம். மேடையேறும் மறையுரையாளர்க்கு அதனினும் இன்றியமையாதது வேறில்லை. நூல் வெளியிடும் கிறித்தவக் கழகங்கள் அடுத்த பதிப்பின் தலைப்பையேனும் தமிழில் இடலாம். கொல்லத்தில் அச்சேறிய நூலை ஆக்கிய அண்டிரிக்கு அடிகளார்க்கு இதற்கு எந்தக் குழுவும் தேவைப்படவில்லை.