பித்தளையா, பூச்சா?

டெல்லி சாவ்ரி பஜாரில் அலமாரிக் கைப்பிடி வாங்கப் போனால், கடைக்காரர் மேஜையறையிலிருந்து முதலில் எடுப்பது ஒரு காந்தம். "பாருங்கள், ஒட்டவில்லை. சுத்தப் பித்தளை" என்பார். காந்தம் பொய் சொல்லாது. ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. அது ஒட்டவில்லை என்றால் பொருள் சாதாரண இரும்பு அல்ல, அவ்வளவுதான். பித்தளை நிறம் பூசிய துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது.

சமையலறைக்கும் குளியலறைக்கும் பழைய பாணி வார்ப்புக் கைப்பிடி, குமிழ், கொண்டி தேடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உத்தரப் பிரதேசத்தின் அலிகாரிலும் மொராதாபாத்திலும் பித்தளையை மணல் அச்சில் வார்க்கும் தொழில் இன்றும் நடக்கிறது. மாதிரியை மணலில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் அரத்தால் ராவி மெருகு ஏற்றுகிறார்கள். இப்படி வந்த கைப்பிடியின் பின்பக்கத்தில் மணலின் சொரசொரப்பும் அரத்தின் கீறலும் தெரியும். ஒரு ஜோடியில் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. அது குறையல்ல, அடையாளம்.

துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கிறார்கள். வழவழப்பாக இருக்கும், விலையும் குறைவு. படுக்கையறை அலமாரிக்கு அது தாராளமாகப் போதும். தண்ணீர் புழங்கும் இடத்தில்தான் வம்பு. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஈரம் உள்ளே நுழைந்து துத்தநாகத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி பூக்கும், பூச்சு கொப்புளித்து உரியும். அதன் பிறகு தேய்த்துப் பளபளப்பாக்க அடியில் எதுவும் இல்லை. பித்தளையோ கறுத்துப் போனாலும் புளி போட்டுத் தேய்த்தால் மறுபடி பித்தளைதான்.

எனவே முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். ஸ்குரூ துளையின் உட்புறம் மஞ்சளாக இருந்தால் நல்ல அறிகுறி. சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகம். சந்தேகம் தீரவில்லையா? ஒன்றே ஒன்று வாங்கிப் பின்பக்கத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுங்கள். எடையும் உதவும். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் 8.5 கிராம், துத்தநாகக் கலவை 6.7 கிராம்தான்.

மெல்லிய பித்தளைத் தகட்டை அழுத்திச் செய்த கைப்பிடிகளும் உண்டு. நிஜப் பித்தளைதான், ஆனாலும் வார்ப்புக்கு ஈடாகாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. வார்ப்பில் அந்த இறுக்கம் பொதுவாகக் குறைவு. எதுவானாலும், குளியலறைப் பித்தளை மேல் அம்மோனியா கலந்த திரவமோ கழிவறை ஆசிட்டோ படக்கூடாது.

லாக்கர் பூசியதா என்று கேளுங்கள். ஈரத்தில் லாக்கர் திட்டுத் திட்டாக உரிந்து தேமல் போலாகும். தினமும் கை படும் இடத்துக்குப் பூச்சில்லாத பித்தளையே மேல். அடுப்புக்குப் பக்கத்தில் கொடி, இலை, அன்னப்பறவை வேலைப்பாடு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இடுக்குகளில் குடியேறிவிடும்.

இனி தச்சர் வேலை. இப்போதைய அலமாரிகளில் இரு துளைகளுக்கு நடுவே 96 அல்லது 128 மில்லிமீட்டர் இடைவெளி சகஜம். பழைய பாணிக் கைப்பிடிகள் இந்தக் கணக்குக்கு அடங்காது. கைப்பிடியை வாங்கிய பிறகே துளை போடச் சொல்லுங்கள். பித்தளையோடு சாதாரண இரும்பு ஸ்குரூவைச் சேர்த்தால், ஈரம் பட்டதும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளை ஸ்குரூவே பொருத்தம். ஆனால் அது மிருது, கடின மரத்தில் தலை முறியும். அதே அளவு எஃகு ஸ்குரூவை முதலில் முறுக்கி, எடுத்துவிட்டுப் பித்தளையை ஏற்றுவது நல்ல தச்சர்களின் வழக்கம்.

எல்லாக் கதவுக்கும் பித்தளை போடப் பணம் இடிக்கிறதா? தேவையே இல்லை. பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் கீழ்க்கதவு, குளியலறை அலமாரி என்று ஈரக்கை படும் இடங்களுக்கு மட்டும் அதை வாங்குங்கள். மற்றவற்றுக்குப் பூச்சு போதும். ஆனால் பூச்சுக்குப் பூச்சின் விலை மட்டும் கொடுங்கள். காந்தத்தைக் காட்டுகிறவரிடம் ஓர் அரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.