ஓலை வந்தது, பண் வந்ததா?

பணி ஓய்வுக்குப் பின் தேவாரம் ஓதக் கற்க விழையும் அன்பர்கள் பலர். புத்தகமா, ஒலிப்பதிவா, ஓதுவாரா என்பதில்தான் தயக்கம்.

புத்தகம் வேண்டும், சீர் பிரித்த பதிப்பானால் நன்று. ஆயினும் முதல் திருமுறையின் முதற்பதிகத்தின் மேல் 'பண்: நட்டபாடை' என்று கண்டதும் பண் நாவில் வந்துவிடாது. தில்லையில் ஓலைச்சுவடிகள் கிடைத்த பின்னரும் பண்முறை விளங்காதிருந்தது என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரே அதனை அருளினார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது.

ஒலிப்பதிவு அக்குறையைப் பெரிதும் தீர்க்கிறது. தருமபுரம் சுவாமிநாதன் அவர்களின் குரலைக் கேட்டே பதிகங்களை மனப்பாடம் செய்தோர் உண்டு. எனினும் பாடியவரின் சுருதி கேட்பவரின் சுருதியன்று. 65 வயதுக் குரல் அதனை எட்ட முயன்று கம்மிப்போகும். 'இனி நமக்கு வராது' என்று அன்றே கைவிடுவோரும் உளர். வராதது பாடலன்று, அந்தச் சுருதி மட்டுமே. ழகரம் பிறழ்ந்தாலும் ஒலிப்பதிவு திருத்தாது.

ஓதுவாரோ முதலில் மாணாக்கருக்கு இசைந்த சுருதியைத்தான் தேடுவார். மூச்சு வாங்கும் இடத்தையும் காட்டுவார். சிறுவர்களோடு அமர நாணுவானேன்? சாயரட்சை தீபாராதனை முடிந்தபின் அவரை அணுகிக் கேட்கலாம். வாரம் ஒருநாள், ஒரே பாடல் போதும். மற்ற நாள்களுக்கு ஒலிப்பதிவு துணை.

ஓதுவார் இல்லாத ஊரில், ஒலிப்பதிவில் ஓர் அடியைக் கேட்டு நிறுத்தி, சுருதிப்பெட்டியைத் தம் குரலுக்குத் தக இறக்கி வைத்துக்கொண்டு அந்த அடியை மட்டும் பாடிப் பழகுவது தக்கது.