கடைசியாக வருவோரும் களத்திற்கு உரியவரே

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், எம்மீது அன்பு பூண்ட பெரியவர் ஒருவர் எம்மை வழியில் நிறுத்தினார். "தம்பி, நாள்தோறும் விடியலில் நீங்கள் ஓடுவதைப் பார்க்கிறேன். ஏதோ பெரிய போட்டிக்குப் பயிற்சி என்கிறார்கள். முதற்பரிசு கிடைக்குமா?" என்று வினவினார். கிடைக்காது என்றோம். "இரண்டாம் பரிசு?" அதுவும் கிடைக்காது என்றோம். "அப்படியானால் எத்தனையாவதாக வருவீர்கள்?" கடைசிப் பத்துப் பேருள் ஒருவராக வரக்கூடும் என்றோம். அவர் எம்மைச் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "பிறகு எதற்குத் தம்பி இந்தப் பாடு?" என்றார்.

வினா எளியது; விடை எளியதன்று. அன்று யாம் சிரித்து மழுப்பிவிட்டு வந்தோம். அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

முத்திறப் போட்டி

நீச்சல், மிதிவண்டிச் செலவு, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது ஒரே நாளில் நிகழ்த்துவது டிரையத்லான் எனப்படும். இதனை முத்திறப் போட்டி என்று தமிழில் வழங்கலாம். இதன் நெடுந்தொலைவு வடிவத்தில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்து, முடிவில் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். கூட்டினால் 226 கிலோமீட்டர். இதில் சரிபாதித் தொலைவுடைய போட்டியும் உண்டு. அவ்வகைப் போட்டி 2019ஆம் ஆண்டில் கோவாவில் மிராமர் கடற்கரையை மையமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. யாம் ஆயத்தமாவது அத்தகைய பாதித் தொலைவுக்குத்தான். நாற்பத்தாறு அகவையில் அதுவே எமக்கு மலை.

இப்போட்டியின் பிறப்பு வரலாறு நம் பெரியவரின் வினாவுக்கு விடையின் பாதியைத் தருகிறது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓஆஹூவில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை அலுவலர் ஜான் காலின்ஸும் அவர்தம் துணைவியார் ஜூடியும், அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த நீச்சல், மிதிவண்டி, மாரத்தான் போட்டிகளின் தொலைவுகளை ஒரே நாளில் இணைத்துவிட எண்ணினர். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் முதற்போட்டி நிகழ்ந்தது. புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 வினாடி. போட்டியை உருவாக்கிய காலின்ஸோ ஒன்பதாவதாக, 17 மணி நேரத்திற்குச் சற்றே மேற்பட்ட பொழுதில் வந்து சேர்ந்தார். பன்னிரண்டாமவர் வந்தபோது 21 மணி நேரம் கடந்திருந்தது.

அந்தப் பன்னிரண்டாமவரின் நேரத்தையும் அங்கே ஒருவர் குறித்துவைத்தார். ஆதலின் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் வந்து சேர்ந்ததை நாம் அறிகிறோம். இச்செய்தியைப் படிப்போர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

மெல்லச் செல்வோரின் உழைப்பு

இன்று இப்போட்டியின் முழுத்தொலைவுக்குப் பொதுவாக 17 மணி நேரம் எல்லையாக வகுக்கப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டில் ஹவாயில் வென்ற பாட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடங்களில் முடித்துவிட்டார். அவர் முடித்து, குளித்து, உண்டு, உறங்கச் செல்லும் வேளையிலும் மெல்லச் செல்வோர் இருளில் ஓடிக்கொண்டிருப்பர். விரைந்து செல்பவர் திறமையில் மேம்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெயிலில் நெடுநேரம் நின்றவர் யார்? பசியையும் சோர்வையும் இருமடங்கு பொழுது பொறுத்தவர் யார்? தொலைவு இருவர்க்கும் ஒன்றே. உழைக்கும் நேரமோ மெல்லச் செல்பவர்க்கே மிகுதி.

இவ்விடத்தில் ஜப்பான் நாட்டு ஹிரோமு இனாடா என்னும் முதியவரை எண்ணிப் பார்த்தல் தகும். அவர் நீச்சலைத் தொடங்கியது 60 அகவையில். முதன்முதலாக முத்திறப் போட்டியில் இறங்கியது 70 அகவையில். 2015ஆம் ஆண்டு ஹவாயில் எல்லைக்கோட்டை அடைந்தபோது உரிய நேரத்திற்குச் சில வினாடிகள் பிந்திவிட்டார். நாளெல்லாம் உழைத்த அம்முதியவர் போட்டியை முடித்தவராகக் கணக்கிடப்படவில்லை. மறு ஆண்டே திரும்பி வந்து உரிய நேரத்திற்குள் முடித்தார். 2018இல், 85 அகவையில், மீண்டும் முடித்தார். அப்போது எல்லை நேரத்திற்கு எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 6 நிமிடங்களே.

இந்த நேர எல்லையில் கருணையும் நீதியும் ஒருங்கே அமைந்திருப்பதாக யாம் கருதுகிறோம். முதல்வன் வந்தவுடன் களத்தை மூடிவிடாமல் காத்திருத்தல் கருணை. முதியவர் என்பதற்காகச் சில வினாடிகளைக் கூட்டிக் கொடுக்காமல் இருத்தல் நீதி. இரண்டும் இருந்தமையாலேயே 2018இல் அவர் பெற்றது உண்மையான பேறாயிற்று.

பயிற்சி கற்பித்தவை

முதலில் நீர். காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது நீர். அதனை வலிமையால் வெல்ல முடியாது. உடலை நேராகக் கிடத்தி, இசைந்து செல்லவே முடியும். தொடக்கத்தில் யாம் 25 மீட்டர் நீந்திச் சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினோம். வேகம் போதாது போலும் என்று கைகளை இன்னும் விரைந்து வீசினோம்; இன்னும் களைத்தோம். எம் மாணவர் அகவையே உடைய பயிற்றுநர், "சார், மூச்சு போதாமல் இல்லை. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடாமல் அடக்கி வைத்துக்கொள்கிறீர்கள், அதனால்தான் திணறுகிறீர்கள்" என்றார். இருபது ஆண்டுகள் பிறர்க்குக் கற்பித்தவர் ஓர் இளைஞரிடம் மூச்சு விடக் கற்றுக்கொண்டோம். ஆசிரியராக இருப்போர்க்கு இஃதோர் அருமருந்து.

அடுத்தது மிதிவண்டி. இங்கே கற்றது உண்ணும் முறை. தசைகளிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஓர் அளவுடையது. கடும் உழைப்பில் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அதன்பின் கால்கள் இருந்தும் இல்லாதன போலாகும். ஆகவே பசி தோன்றுமுன் உண்ண வேண்டும். பேரீச்சம்பழம், வாழைப்பழம், கடலைமிட்டாய் ஆகியன எம் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். நீர் அருந்துவதிலும் அளவு வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேற, வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தால் குருதியில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஊறு நேரலாம். நெடுநேரம் களத்தில் இருந்து நெடுநேரம் குடிப்பவர் ஆதலின், மெல்லச் செல்வோர்க்கே இவ்விடர் மிகுதி. அச்சத்தால் குடிப்பதினும் தாகம் அறிந்து குடிப்பதே நலம்.

மூன்றாவது ஓட்டம். மிதிவண்டியிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதற்சில நிமிடங்களில் கால்கள் பிறருடையவை போலத் தோன்றும். இதற்கெனவே மிதித்தவுடன் ஓடும் பயிற்சியை அடிக்கடி செய்தல் வேண்டும். ஓட்டத்திற்கு எமக்குக் கற்பிக்கப்பட்ட அளவுகோல் ஒன்றே: பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள். பயிற்சி நாள்களுள் பெரும்பாலானவை இத்தகைய எளிய ஓட்டத்திலேயே கழியும். வாரந்தோறும் சிறிதளவே தொலைவைக் கூட்டுவதும், மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைப்பதும், போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் உழைப்பைத் தளர்த்தி உடலை ஆறவிடுவதும் முறை. தேர்வுக்கு முன்னிரவில் விழித்துப் பாடம் முழுவதையும் விழுங்க முனையும் மாணவ நண்பர்கள் இம்முறையைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. ஓராண்டின் உழைப்பை ஓரிரவில் செய்ய எவராலும் இயலாது.

மறுப்புகளும் உண்மைகளும்

இப்போட்டி செல்வர்க்கே உரியது என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பந்தய மிதிவண்டியின் விலையும், நுழைவுக் கட்டணமும், பயணச் செலவும் நடுத்தரக் குடும்பத்திற்குச் சுமையே. யாம் பழைய வண்டி ஒன்றைப் பிறரிடம் விலைக்கு வாங்கி மிதிக்கிறோம். ஆயினும் மேலே சொன்ன பாடங்களுள் எதற்கும் விலை இல்லை. ஓடுவதற்குச் சாலையும், நீந்துவதற்குப் பாதுகாப்பான நீர்நிலையும் துணைக்கு ஒருவரும், மிதிப்பதற்குப் பால்காரர் வைத்திருப்பது போன்ற வண்டியும் போதும்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. அதனை எழுப்பியவர் எம் இல்லாள். "நீங்கள் வாரத்தில் ஒன்பது மணி நேரம் ஓடுவதற்கு, அந்த ஒன்பது மணி நேர வேலையை இங்கே வேறொருவர் செய்கிறார்" என்றார் ஒருநாள். எமக்கு விடை கிடைக்கவில்லை. அன்று முதல் வீட்டார் விழிக்குமுன் பயிற்சியை முடித்துத் திரும்புவதென்றும், ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சமையல் எம்முடையதென்றும் உடன்பாடு செய்துகொண்டோம். இல்லத்தாரின் பொழுதைக் கவர்ந்து பெறும் பதக்கம் பெருமைக்குரியதாகாது. நடுவயதில் களம் இறங்குவோர் முதலில் மருத்துவரையும், அடுத்து வீட்டாரையும் கலந்துகொள்ள வேண்டும் என்பது எம் பட்டறிவு.

நம் களத்தின் நிலை

பயிற்சியின் தொடக்கத்தில் ஊர்ப்புறத்தில் நடந்த ஓர் ஓட்டப் போட்டியில் யாம் பங்கேற்றோம். அமைப்பாளர் பெயர் வேண்டா. 21 கிலோமீட்டரையும் ஓடி முடித்து எல்லையை அடைந்தபோது, அங்கே பந்தல் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அறிவித்த நேரம் முடிய இன்னும் 20 நிமிடங்கள் இருந்தன. நேரம் குறிப்பவர் வீடு சென்றுவிட்டார். தண்ணீர்க் குவளைகள் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. எமக்குப் பின்னே, யாம் பெயர் அறியாத ஓர் இளம்பெண் வந்துகொண்டிருந்தார். அவர் எல்லைக்கோடு இருந்த இடத்தைத் தேடிச் சுற்றிப் பார்த்த பார்வை இன்றும் எம் நெஞ்சில் நிற்கிறது. அவர் மீண்டும் ஓடினாரா என்பதை யாம் அறியோம்.

நம் கல்லூரிகளின் விளையாட்டு விழாக்களையும் எண்ணிப் பார்ப்போம். ஓடுவோர் சிலர், பந்தலில் அமர்ந்து கைதட்டுவோர் பலர். பள்ளியில் ஒருமுறை கடைசியாக வந்தமையால் வாழ்நாள் முழுவதும் பார்வையாளராகிவிட்டவர் நம்மிடையே எத்தனை பேர்? நாற்பதில் சர்க்கரை நோயும் ஐம்பதில் முழங்கால் வலியும் வந்தபின் மருத்துவர் நட என்கிறார். இருபதில் ஓடுவதற்கு இடம் தந்திருந்தால் அந்த நடை அவ்வளவு கசந்திராது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் முன்னும், நிருவாகத்தைத் தாங்கிநிற்கும் பெரியோர் முன்னும் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஆண்டு விளையாட்டு விழாவில் பரிசில்லாத நெடுந்தொலைவு நிகழ்ச்சி ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். தொலைவு 10 கிலோமீட்டர் இருக்கட்டும். நேரம் இரண்டு மணியாக இருக்கட்டும். ஓடலாம், நடக்கலாம். உரிய நேரத்திற்குள் முடித்த ஒவ்வொருவர் பெயரும், அவர் எடுத்துக்கொண்ட நேரமும் கல்லூரி ஏட்டில் பதியப்பெறுதல் வேண்டும். மாணவியர்க்கு அவர்கள் தயக்கமின்றிப் பயிற்சி செய்யத் தக்க தனி நேரமும் இடமும் ஒதுக்குதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, நேரம் குறிப்பவர் கடைசி மணித்துளி வரை தம் நாற்காலியை விட்டு எழாதிருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கடிகாரமும், ஓர் ஏடும், காத்திருக்கும் மனமும் போதும்.

வினவிய பெரியவருக்கு இப்போது விடை கூறுவோம். ஐயா, பரிசு எமக்குக் கிடைக்காது. நீந்தத் தெரியாத யாம் இன்று இடைநிற்காமல் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறோம். இன்னும் தொள்ளாயிரம் மீட்டர் கற்க வேண்டியிருக்கிறது. போட்டி நாளில் உரிய நேரத்திற்குள் முடிப்போமா என்பது உறுதியில்லை. முடியாவிடில், இனாடா செய்ததைப் போல மறு ஆண்டு மீண்டும் செல்வோம். நாளை விடியலில் யாம் ஓடிவரும் வழியில் தங்கள் வீடு இருக்கிறது. தாங்களும் எம்மோடு தெருமுனை வரை நடந்து வரலாம். எம் வேகத்தில் பேசிக்கொண்டே செல்ல முடியும்.